512 பைட்டில் ஒரு குட்டி இயங்குதளம்

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். பள்ளி விடுமுறையும் சேர்ந்து வரும். அந்த நாட்களில் பாம்பன், மண்டபம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணினி சொல்லித்தருகிறேன். முதலில் செய்வது இதுதான்: பயாஸ் (கணினியைப் போட்டதும் அதை எழுப்பிவிடும், உள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) வேலையை முடித்ததும் கணினி ஓட்டுகிற முதல் நிரலை நாமே எழுதுவது. இயங்குதளம் என்றால் பெரிய கம்பெனி வேலை என்ற பயம் இதோடு போய்விடும். உபுண்டு என்ற இலவச இயங்குதளம் போட்ட பழைய லேப்டாப் போதும். இணையம் எமுலேட்டரை நிறுவ மட்டும்தான் வேண்டும்.

எமுலேட்டர் என்பது கணினிக்குள் ஓடும் பொய்க் கணினி. ஃபேப்ரிஸ் பெல்லார்ட் எழுதி 2003-இல் வெளிவந்த க்யூஎம்யூவை எடுத்துக்கொள்வோம். நிரல் தப்பாகிப் படுத்துவிட்டால் ஜன்னலை மூடினால் போதும்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன். டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கோப்பின் பெயர் தமிழிலேயே இருக்கலாம்.

சூடோ ஏபிடி இன்ஸ்டால் க்யூஎம்யூ-சிஸ்டம்-எக்ஸ்86

அப்புறம் நம் இயங்குதளம், ஒரே வரியில்:

பிரின்ட்எஃப் '\264\016\260\120\315\020\364\353\375' > பாம்பன்

இவை 0 முதல் 7 வரையுள்ள இலக்கங்களால் மட்டும் எழுதும் எட்டடிமான எண்கள்; ஒவ்வொன்றும் ஒரு பைட். 264, 016 இரண்டும் திரையில் எழுத்து காட்டும் பயாஸ் சேவையைத் தேர்ந்தெடுக்கின்றன. 260-க்குப் பின்னால் வரும் 120, பாம்பனின் ஆங்கில முதலெழுத்தான ‘பி’. 315, 020 பயாஸைக் கூப்பிடுகின்றன. 364 பிராசஸரைத் தூங்கவைக்கும்; 353, 375 அது விழிக்கும்போதெல்லாம் மூன்று பைட் பின்னால் போய் மறுபடி தூங்கச் சொல்லும். பலர் இந்த இடத்தில் வெறும் முடிவில்லாச் சுற்று போடுவார்கள். அதுவும் ஓடும், ஆனால் பிராசஸர் சும்மா சூடாகும். கரண்ட் போய் பேட்டரியில் ஓட்டும்போது இந்தத் தூக்கம் ரொம்ப முக்கியம்.

இப்போது கோப்பை 510 பைட்டுக்கு நீட்டி, கடைசியில் இரண்டு பைட் சேர்க்க வேண்டும்:

ட்ரன்கேட் -எஸ் 510 பாம்பன்
பிரின்ட்எஃப் '\125\252' >> பாம்பன்

இரண்டாவது வரியில் அம்புக்குறி இரண்டு. ஒன்று போட்டால் முன்பு எழுதியது அழிந்துவிடும். பயாஸ் டிஸ்க்கின் முதல் 512 பைட்டை நினைவகத்தின் 31744-ஆம் இடத்தில் ஏற்றி, கடைசி இரண்டு பைட்டும் 125, 252 தானா என்று பார்க்கும். டோக்கன் இல்லாத விசைப்படகு கடலுக்குப் போக முடியாதது போல, இந்த முத்திரை இல்லாத டிஸ்க்கை பயாஸ் ஓட்டாது.

சரி, ஓட்டிப் பாருங்கள்:

க்யூஎம்யூ-சிஸ்டம்-ஐ386 பாம்பன்

கோப்பின் வடிவம் பற்றி டெர்மினலில் ஓர் எச்சரிக்கை வரும், விட்டுவிடுங்கள். கறுப்பு ஜன்னலில் பயாஸின் வரிகளுக்குக் கீழே ‘பி’ நிற்க வேண்டும். பூட் ஆகவில்லை என்று வந்தால், கோப்பு சரியாக 512 பைட் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

தமிழில் ‘ப’ வராதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இந்தத் திரைமுறையில் 256 குறிகள்தான், அவற்றில் தமிழ் இல்லை. கிராஃபிக்ஸ் முறைக்கு மாறிப் புள்ளி புள்ளியாக நாமே வரையலாம். அதைக் கட்டாயம் செய்யவேண்டும் என்பது என் ஆசை.

அதற்கு முன் உங்கள் பெயரை ஆங்கிலத்தில் வரவையுங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் 260, எழுத்தின் எண், 315, 020 என்று நான்கு பைட். எல்லாம் 364-க்கு முன்னால். பெரிய எழுத்துகள் 101-இல் தொடங்கி 132-இல் முடியும். எட்டடிமானம் என்பதால் 107-க்கு அடுத்தது 110.