பழைய காலண்டர் தாளில் பரிசுப் பொட்டலம்

வருடம் முடிந்ததும் மாதக் காலண்டரை நான் தூக்கிப் போடுவதில்லை. அந்த வழுவழுத் தாள் பரிசு சுற்றத் தோதானது. சாமி படம் உள்ள தாளை மட்டும் விட்டுவிடுங்கள். பிரிப்பவர் கிழிக்கத் தயங்குவார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் அதை வெளியே வைத்து, ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளிக்கோலம் போடலாம்.

பெட்டியைத் தாளின் நடுவில் கவிழ்த்து வையுங்கள். சுற்றி வந்த தாள் 2 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். இரு ஓரத்திலும் பெட்டி உயரத்தில் முக்கால் பங்கு நீட்டியிருந்தால் போதும். அதிகம் விட்டால் மூலை புடைத்துக்கொள்ளும். மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். செல்லோடேப் இல்லையா? மைதாப் பசை காய்ச்சி மெல்லிசாகத் தடவுங்கள்.

அப்புறம் ரிப்பன். கிழிந்த பட்டுப் புடவையின் ஜரிகைக் கரையை விரலகலத்துக்கு வெட்டிக் கட்டினால், கடை ரிப்பன் பக்கத்தில் நிற்க முடியாது. பூக்கட்டும் வாழைநாரும் சரிதான். கொஞ்சம் நனைத்துக்கொண்டால் முடிச்சில் அறாது.

உள்ளே மைசூர்பாகு என்றால் முதலில் டப்பாவில் வைத்து மூடுங்கள். நான் ஒருமுறை அட்டைப் பெட்டியோடு சுற்றி, தாள் முழுக்க நெய்க்கறையோடு அத்தை கையில் கொடுத்தேன்.