வீட்டுக்குப் பூ வாங்குகிறீர்களா? முதலில் நேரத்தையும் வாசனையையும் யோசியுங்கள்

வீட்டில் பூ வைக்கலாம் என்று நினைத்ததும் எல்லாரும் நிறத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். திரைச்சீலை நீலம், அதனால் வெள்ளைப் பூ, சோபா பழுப்பு, அதனால் மஞ்சள் என்று கணக்குப் போடுகிறார்கள். சேலத்தில் இருக்கிற வீட்டுக்கு இந்தக் கணக்கு பாதிதான் உதவும். இங்கே ஒரு அறைக்குள் நுழைந்ததும் மனசு லேசாகிறதா, கல்யாண வீடு மாதிரி களைகட்டுகிறதா, தலை கனக்கிறதா என்பதைக் கண்ணுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும், ஏனென்றால் நமக்குக் கிடைக்கிற பூவில் பெரும்பாலானவை மணக்கிற பூ, அதுவும் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் மணக்கிற பூ. அதனால் வாங்கப் போகும் முன்பே ஒரு விஷயத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்: இந்த அறை எந்த நேரத்தில் நன்றாக இருக்க வேண்டும்? காலையிலா, சாயங்காலம் விளக்கேற்றும்போதா, ராத்திரி சாப்பாட்டுக்கு ஆட்கள் வரும்போதா? அது தெரிந்தால் பூ தானாகவே அமைந்துவிடும்.

குண்டுமல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். விடியும் முன் மொட்டாகப் பறித்து, காலையில் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு வந்து சேரும், விரிவது சாயங்காலம். காலையில் வாங்கிக் காலையிலேயே தட்டில் பரப்பினால் பார்க்க வெள்ளையாக இருக்கும், அவ்வளவுதான், மணம் வராது. அதையே ஈரத்துணியில் சுற்றி, அல்லது வாழை இலையில் பொட்டலமாகக் கட்டி பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்திருந்து, நாலரை ஐந்து மணி வாக்கில் வெளியே எடுத்துப் பரப்புங்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒவ்வொன்றாக வாய் திறக்க ஆரம்பிக்கும், ஏழு மணிக்குக் கூடம் முழுக்க மணக்கும். விருந்தாளி எட்டு மணிக்கு வருகிறார் என்றால் இதைவிடப் பொருத்தமான பூ கிடையாது. ஆனால் மல்லியைத் தண்ணீரில் மிதக்க விடாதீர்கள், இதழ் நனைந்தால் பழுப்பாகிவிடும். அகலமான தட்டில் வெள்ளை வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து விரித்து, அதன் மேல் மொட்டுகளை ஒன்றன் மேல் ஒன்று குவியாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். வாங்கும்போது உதிரியாகவே கேளுங்கள், சரம் தலைக்கும் சாமி படத்துக்கும்தான் சரி. மொட்டு கெட்டியாக, வெள்ளையில் லேசான பச்சை ஓடியபடி இருக்க வேண்டும். நுனி பழுப்பு தட்டியிருந்தால் முந்தின நாள் பூ.

சம்பங்கி வேறு ஜாதி. தண்டோடு கிடைத்தால் ஜாடியில் வைக்க இதைவிட நல்ல பூ இல்லை, அடியிலிருந்து மேலாக நாள் தவறாமல் விரிந்துகொண்டே போகும். கீழே இரண்டு மூன்று பூ விரிந்து மற்றதெல்லாம் மொட்டாக இருக்கிற தண்டாகப் பார்த்து எடுங்கள். வாடினதைத் தினமும் கிள்ளிவிட்டால் மேலே உள்ளது விரியும். ஆனால் அதன் வாசனை ராத்திரியில் ஏறிக்கொண்டே போகும். பத்துக்குப் பத்து படுக்கையறையில் ஆறு தண்டு வைத்தால் தூங்க முடியாது, விடியும்போது தலைவலிதான் மிஞ்சும். சின்ன வீட்டுக்கு இரண்டு தண்டு போதும், அதுவும் ஜன்னலோரம், ஆட்கள் உட்காருகிற இடத்திலிருந்து நாலு அடி தள்ளி.

இதிலிருந்து ஒரு விதி: ஒரு அறைக்கு ஒரு வாசனை. மல்லி இருக்கிற இடத்தில் சம்பங்கி வேண்டாம், சம்பங்கி இருக்கிற இடத்தில் ஊதுபத்தி வேண்டாம். மூன்றும் சேர்ந்தால் மண்டபத்து வாசனை வந்துவிடும், கல்யாணத்துக்கு அது சரி, செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்கு அது அதிகம். கூட எதையாவது சேர்க்கத்தான் வேண்டும் என்றால் பூவைச் சேர்க்காதீர்கள், இலையைச் சேருங்கள். மரிக்கொழுந்து நாலு கொத்து, இல்லாவிட்டால் துளசி. மரிக்கொழுந்து காயக் காயவும் மணக்கும் என்பதால் வாசற்படிக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் பக்கத்தில் வைக்க ரொம்பப் பொருத்தம்.

இனி பாத்திரம். பூ அலங்கார வீடியோக்களில் எல்லாம் நீளத் தண்டு, உயரக் கண்ணாடி ஜாடி. நம் மார்க்கெட்டில் பூ பெரும்பாலும் தலை மட்டும்தான் வருகிறது, கிலோக் கணக்கில் கொட்டிக் கிடக்கிறது. சாமந்தி, செண்டுமல்லி, பன்னீர் ரோஜா, கோழிக்கொண்டை, வாடாமல்லி எல்லாமே அப்படித்தான். தண்டில்லாத பூவுக்கு அகலமான, ஆழமில்லாத பாத்திரம்தான் வேண்டும். பித்தளை உருளி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தாம்பாளம், அதுவும் இல்லாவிட்டால் எவர்சில்வர் பேசின் கூடப் போதும். பாதிக்கு மேல் தண்ணீர் வேண்டாம். காம்பை நகத்தால் அடியோடு கிள்ளிவிட்டுப் பூவை மெதுவாகத் தண்ணீர் மேல் விடுங்கள், வெளி விளிம்பிலிருந்து உள்ளே வாருங்கள். எல்லாரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு, தண்ணீரே தெரியாமல் நிரப்பிவிடுகிறார்கள். மூன்றில் ஒரு பங்காவது தண்ணீர் தெரிய வேண்டும். அந்த வெற்றிடத்தில்தான் விளக்கின் வெளிச்சம் ஆடும், பார்க்கிற ஆளுக்கு மனசு அமைதியாவதும் அதனால்தான். அடைத்து நிரப்பினால் திருவிழாக் களை வரும். பண்டிகை நாளுக்கு அது வேண்டும், அன்றைக்கு நன்றாகவே அடைத்து நிரப்புங்கள், மஞ்சள் வட்டம், அதற்குள் சிவப்பு வட்டம், நடுவில் ஒரு தாமரை. தாமரையை மொட்டாகத்தான் தருவார்கள். வெளி இதழ்களை ஒவ்வொன்றாக உட்பக்கம் பாதியாக மடித்துச் செருகிக்கொண்டே வந்தால் அப்படியே நிற்கும்.

இதற்குப் பிறகுதான் நிறம். நிறத்தைத் தீர்மானிக்கிறது உங்கள் வீட்டு வெளிச்சம். இருட்ட ஆரம்பித்தால் கண்ணுக்கு முதலில் மறைவது அடர் சிவப்பு, கடைசிவரை தெரிவது வெள்ளையும் வெளிர் மஞ்சளும். அதனால் சாயங்கால அறைக்கு அடர் சிவப்பு ரோஜா வைத்தால் கறுப்பாகத் தெரியும், காசு வீண். சிவப்பையும் ஊதாவையும் காலை வெயில் விழுகிற கிழக்கு ஜன்னலுக்குக் கொடுங்கள். டியூப்லைட் வெள்ளை வெளிச்சத்தில் வெள்ளைப் பூ வெளிறிப்போன மாதிரி இருக்கும், அந்த அறைக்குச் சாமந்தி மஞ்சள் நல்லது. மஞ்சள் பல்பு என்றால் எல்லா வெள்ளைப் பூவும் அழகுதான். பச்சையை மறக்காதீர்கள். மே மாதம் வெளியே நாற்பது டிகிரி கொதிக்கும்போது, ஒரு பெரிய பித்தளைச் சொம்பில் வெறும் பச்சை இலைக் கொத்தும் நாலே நாலு வெள்ளைப் பூவும் இருந்தால் அறைக்குள் வருகிறவர்களுக்குக் கொஞ்சம் குளிர்ந்த மாதிரி இருக்கும். வெயில் காலத்தில் செண்டுமல்லி ஆரஞ்சைக் கூடத்தில் குவிக்காதீர்கள், பார்க்கவே சுடும். மார்கழிக் குளிரில் அதே ஆரஞ்சு கதகதப்பாக இருக்கும். சாமந்திக்கும் அதுதான் நல்ல பருவம், பகல் குறைந்த நாட்களில்தான் அது நன்றாகப் பூக்கும். மல்லிக்கு நேர்மாறு. குளிரில் வரத்துக் குறைந்து விலை எங்கேயோ போய்விடும், அந்த மாதங்களில் மல்லிக்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

ரோஜா, ஜெர்பரா, கார்னேஷன் மாதிரி தண்டுப் பூ வேண்டும் என்றால் ஓசூர்ப் பக்கத்திலிருந்து வருவதை பொக்கே கடைகளில் வாங்கலாம். ரோஜா மொட்டின் அடிப்பாகத்தை இரண்டு விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் புதுசு, மெத்தென்று அமுங்கினால் வெளி இதழ்களைப் பிய்த்துப் பிய்த்து புதுசாகக் காட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்ததும் தண்டின் நுனியை ஒரு அங்குலம் சாய்வாக வெட்டிவிடுங்கள், மழுங்கின கத்தரிக்கோல் தண்டை நசுக்கும், கூர்மையான கத்தி வேண்டும். தண்ணீருக்குள் மூழ்குகிற இலைகளை எல்லாம் உருவிவிடுங்கள், அது அழுகித்தான் தண்ணீரில் கிருமி பெருகுகிறது, அந்தக் கிருமிதான் தண்டின் துளையை அடைத்துப் பூவைத் தலைசாய வைக்கிறது. கடையில் தருகிற பொடி, ஆஸ்பிரின் மாத்திரை, சர்க்கரை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். தினமும் தண்ணீரை மாற்றி ஜாடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை மாற்றுங்கள். ஜெர்பராவுக்கு மட்டும் இரண்டு அங்குலத் தண்ணீர் போதும், அதன் தண்டு சீக்கிரம் அழுகும்.

சேலத்துக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று, மாம்பழம். சீசனில் எல்லார் வீட்டிலும் ஒரு மூலையில் மல்கோவா பழுத்துக்கொண்டிருக்கும். பழுக்கிற பழம் எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது, அது பூவைச் சீக்கிரம் வாட வைக்கும், கார்னேஷன் ஒரே நாளில் சுருங்கிவிடும். சாப்பாட்டு மேஜையில் பழக்கூடையும் பூ ஜாடியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது போட்டோவுக்கு அழகு, பூவுக்குக் கேடு. வாழைத்தாரும் அப்படியே. தனித்தனி அறையில் வையுங்கள்.

ஏற்காடு போய்வரும்போது பூ வாங்குகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது, மே மாத மலர்க் கண்காட்சி சமயத்தில் கேட்கவே வேண்டாம். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரக் குளிரில் பூத்ததை முப்பது கிலோமீட்டருக்குள் நம் ஊர் வெக்கைக்கு இறக்குகிறோம் என்பதை மனதில் வையுங்கள். ஹைட்ரேஞ்சியா பூங்கொத்து ஒரு பெரிய பந்து மாதிரி கண்ணைப் பறிக்கும், ஆனால் அவ்வளவு தண்ணீர் குடிக்கிற பூ வேறு இல்லை. தண்டை ஈரத்துணியில் சுற்றி, வெயில் படாமல் காலடியில் வைத்து வாருங்கள், டிக்கியில் போட்டால் அடிவாரம் வருவதற்குள் துவண்டுவிடும். துவண்டாலும் தூக்கி எறிய வேண்டாம். பூவின் தலையையே ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள், பெரும்பாலும் நிமிர்ந்துவிடும், அது இதழ் வழியாகவும் தண்ணீர் இழுக்கும். வாசனை கிடையாது என்பதால் படுக்கையறைக்கும் படிக்கிற மேஜைக்கும் நன்றாகப் பொருந்தும். மழை பெய்து காபிச் செடி பூத்திருக்கிற நாட்களில் மலைப்பாதை முழுக்க மல்லி மாதிரி மணக்கும், ஒரு கிளை ஒடிக்கலாமா என்று கை நீளும். ஒடிக்காதீர்கள், அந்தப் பூ ஒவ்வொன்றும் ஒரு காபிப் பழம், தோட்டக்காரருடைய ஒரு வருஷ வருமானம். வீட்டுக்கு வந்தால் அது எப்படியும் மறுநாளே கருகிவிடும்.

அரளியைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பனமரத்துப்பட்டிப் பக்கம் காடு காடாக விளைகிறது, விலை குறைவு, நிறம் அருமை, அதனால் உருளியில் போடலாம் என்று தோன்றும். பூ, இலை, தண்டு, பால் எல்லாமே விஷம், அது கிடந்த தண்ணீரும் விஷம். சாமிக்கு மாலையாகப் போடுவதில் குறையில்லை, உயரத்தில் இருக்கும். தவழ்கிற குழந்தையோ நாயோ பூனையோ இருக்கிற வீட்டில் தரைமட்டத்தில் அரளி வேண்டவே வேண்டாம். யாராவது வாயில் வைத்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

துக்கம் நடந்த வீட்டுக்குப் பூ வைக்கிற பொறுப்பு உங்களிடம் வந்தால் மிக மெதுவாக நடந்துகொள்ளுங்கள். அன்றைக்குப் போட்ட சம்பங்கி, ரோஜா மாலைகளின் வாசனை அந்த வீட்டுக்காரர்களுக்கு மாதக்கணக்கில் போகாது, எங்கேயாவது மணத்தால் அந்த நாளே திரும்பி வரும். அதனால் படத்துக்குப் பக்கத்தில் வாசனை குறைந்த பூவாக, கிண்ணத்துத் தண்ணீரில் நாலைந்து நந்தியாவட்டை, ஒரு கொத்துத் துளசி, அவ்வளவு வையுங்கள். வாடினது கண்ணில் படக் கூடாது, யாராவது ஒருவர் தினமும் காலையில் மாற்றுவதாக ஒத்துக்கொண்ட பிறகுதான் வையுங்கள். இறந்தவருக்குப் பிடித்த பூ எது என்று தெரிந்தால் அதையே வைக்கலாமா என்று வீட்டில் கேட்டுவிடுங்கள். சிலருக்கு அது ஆறுதல், சிலருக்குத் தாங்காது.

அப்புறம், எப்போதும் காசு கொடுத்துத்தான் பூ வைக்க வேண்டும் என்றில்லை. ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயில் பூச்சாட்டு தொடங்கிவிட்டால் மார்க்கெட்டில் கை வைக்க முடியாது, அப்போது வீட்டுச் செடிதான் துணை. செம்பருத்தியைப் பறித்துத் தண்ணீரே இல்லாமல் மேஜை மேல் வைத்தாலும் சாயங்காலம்வரை விரிந்தே இருக்கும், அதன் ஆயுசே ஒரு நாள்தான். பவழமல்லி இருந்தால் ராத்திரி மரத்தடியில் ஒரு துணியை விரித்து வையுங்கள், விடியும்போது உதிர்ந்து கிடப்பதை அப்படியே தட்டில் கவிழ்த்தால் பத்து மணிவரை அந்த ஆரஞ்சுக் காம்பும் வெள்ளை இதழும் போதும். மாடியில் ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம் என்றால் அடுக்கு நந்தியாவட்டை வாங்குங்கள். அநேகமாக வருஷம் முழுக்கப் பூக்கும், பறிக்கும்போது பால் வடியும் என்பதால் ஒரு தடவை கழுவிவிட்டு வைத்தால் கிண்ணத்தில் கறை படியாது.