டெக்சாஸில் வீடு வாங்குகிறீர்களா? எச்ஓஏ எப்படி இயங்குகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஃபிரிஸ்கோவோ பிளேனோவோ, டாலஸ் பக்கம் எங்கே வீடு பார்க்கப் போனாலும் விலையோடு சேர்த்து ‘எச்ஓஏ’ என்று ஒரு தொகையும் போட்டிருப்பார்கள். வீட்டு உரிமையாளர் சங்கத்துக்குக் கட்டவேண்டிய பணம் அது. நம் ஊர்க் குடியிருப்போர் நலச் சங்கம் போல, விருப்பம் இருந்தால் சேரலாம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த உறுப்பினர் பொறுப்பு மனையோடு ஒட்டியது. வீட்டை விற்றால்தான் அதிலிருந்து வெளியே வரலாம். (இங்கே சொல்வது தனி வீடுகளுக்கு. காண்டோவுக்கு, அதாவது அடுக்குமாடி வீடு போன்றவற்றுக்கு, சட்டம் வேறு.)

படி 1: யார் கையில் அதிகாரம்?

கடிதம் அனுப்புவதும் பணம் வசூலிப்பதும் மேனேஜ்மென்ட் கம்பெனி. அது சம்பளத்துக்கு வேலை செய்கிறது. முடிவெடுப்பது போர்டு, அதாவது சங்கத்தின் நிர்வாகக் குழு. பழைய கம்யூனிட்டியில் போர்டில் இருப்பவர்கள் உங்கள் அக்கம்பக்கத்தார்தான். புதிதாகக் கட்டும் இடத்தில் பெரும்பாலும் பில்டரின் ஆட்களே இருப்பார்கள். 75 சதவீத மனைகள் விற்ற பிறகு 120 நாளுக்குள், போர்டில் மூன்றில் ஒரு பங்கையாவது வீட்டுக்காரர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம்.

படி 2: கையெழுத்துக்கு முன் காகிதங்களைக் கேளுங்கள்

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். எச்ஓஏ உள்ள வீட்டை ஏற்கெனவே குடியிருப்பவரிடமிருந்து வாங்கும்போது, ஒப்பந்தத்தோடு ஒரு இணைப்புத் தாள் வரும். சங்கத்தின் ஆவணங்களை யார் வாங்கித் தருவது என்று அதில் சில கட்டங்கள் இருக்கும். அவற்றில் ஒன்று ‘ஆவணங்கள் எனக்குத் தேவையில்லை’ என்பது. அவசரத்தில் அதை டிக் செய்துவிடாதீர்கள். விற்பவர் வாங்கித் தரும் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், ஆவணங்கள் கைக்கு வந்த 3 நாளுக்குள், குளோசிங் (வீடு உங்கள் பெயருக்கு மாறும் இறுதிக் கட்டம்) முடியாதவரை, ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு.

வரும் காகிதங்களில், வீட்டின் எச்ஓஏ நிலவரத்தைச் சொல்லும் ‘ரீசேல் சர்ட்டிஃபிகேட்’டை முதலில் எடுங்கள். இதற்குச் சங்கம் 375 டாலருக்கு மேல் கட்டணம் வாங்கக்கூடாது. விற்பவர் வைத்திருக்கும் பாக்கி, இனி கட்டவேண்டிய ஸ்பெஷல் அசெஸ்மென்ட் (வழக்கமான தொகைக்கு மேல் கேட்கும் தனி வசூல்), சங்கத்தின் மேல் நடக்கும் வழக்கு, அந்த வீட்டில் ஏற்கெனவே உள்ள விதிமீறல் எல்லாம் அதில் இருக்கும். சேமிப்பு நிதி எவ்வளவு என்றும் பாருங்கள். நீச்சல் குளமும் கிளப் ஹவுஸும் பழசாகி, சேமிப்பும் சொற்பமாக இருந்தால், செலவு ஒருநாள் உங்கள் தலையில்தான் விழும்.

அப்புறம் டிக்ளரேஷன், அதாவது சங்கத்தின் விதிகள் அடங்கிய ஆவணம். நீளமானதுதான். ஆனாலும் வாடகைக்கு விடுவது, வேலி, பார்க்கிங், வெளிப் பெயின்ட் பற்றிய பகுதிகளையாவது படித்துவிடுங்கள்.

படி 3: பணம்

சொத்து வரி எஸ்க்ரோவில் (கடன் தவணையோடு வசூலித்து வங்கி கட்டும் கணக்கில்) போவதால் எச்ஓஏ தொகையையும் வங்கியே கட்டிவிடும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கட்டாது. நீங்கள்தான் தனியாகக் கட்டவேண்டும். பாக்கி நின்றால் தாமதக் கட்டணம், வக்கீல் செலவு என்று ஏறி, கடைசியில் வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுபோகும் அளவுக்கு விஷயம் முற்றலாம். விதிமீறலுக்குப் போட்ட அபராதத்துக்காக மட்டும் அப்படிச் செய்யமுடியாது. கைநெருக்கடி என்றால் உடனே தவணை கேளுங்கள். 14 மனைகளுக்கு மேல் உள்ள சங்கம் தவணைத் திட்டம் வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம்.

படி 4: எதையும் மாற்றும் முன் அனுமதி

பேஷியோவுக்கு (வீட்டை ஒட்டிய திறந்த தளம்) கூரை, புது வேலி, வெளிச்சுவர் நிறம் எதுவானாலும் முதலில் விண்ணப்பம், பிறகு கான்ட்ராக்டர். மறுத்தால் சங்கம் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். 30 நாளுக்குள் நீங்கள் போர்டிடம் முறையிடலாம்.

வாசலில் மாவிலைத் தோரணமோ சாமி படமோ வைக்கத் தயங்கவேண்டாம். மத நம்பிக்கை சார்ந்த பொருட்களை உங்கள் வீட்டில் வைப்பதைச் சங்கம் தடுக்கக்கூடாது. முன்பு இருந்த அளவுக் கட்டுப்பாட்டையும் 2021இல் எடுத்துவிட்டார்கள். பொது இடத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

படி 5: விதிமீறல் நோட்டீஸ் வந்தால்

பயப்படவும் வேண்டாம், மேஜையில் போட்டுவைக்கவும் வேண்டாம். அபராதம் போடுவதற்கு முன் என்ன மீறல் என்று எழுத்தில் சொல்லி, திருத்திக்கொள்ள நியாயமான அவகாசம் தரவேண்டும். அதே மாதிரித் தவறுக்கு ஆறு மாதத்துக்குள் ஏற்கெனவே அவகாசம் தந்திருந்தால் மறுபடி தரவேண்டியதில்லை. சரிசெய்ததும் போட்டோ எடுத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். உங்கள் பக்கம் நியாயம் இருந்தால், நோட்டீஸ் அஞ்சலில் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் விசாரணை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் பேசியது கணக்கில் வராது.

படி 6: கூட்டத்துக்குப் போங்கள்

வழக்கமான போர்டு கூட்டத்துக்கு 144 மணி நேரம் முன்பே அறிவிப்புத் தரவேண்டும். சில ரகசிய விஷயங்கள் தவிர மற்றவற்றை நீங்கள் உட்கார்ந்து கேட்கலாம். பட்ஜெட் பேசும் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். அடுத்த ஆண்டு உங்கள் எச்ஓஏ தொகை எவ்வளவு ஏறும் என்பது அங்கேதான் முடிவாகிறது.