மிடி-டு-சிவி மாட்யூல்: அபஸ்வரம் கேட்டவுடன் ஆஸிலேட்டரைத் திருகாதீர்கள்

மிடி கீபோர்டை மாடுலர் சிந்தசைசரோடு இணைக்கும் மிடி-டு-சிவி மாட்யூலைப் புதிதாக வாங்கியவர்களிடமிருந்து வரும் புகார் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணா, கீழே எல்லாம் சரியா இருக்கு, மேல போகப் போக அபஸ்வரம், மாட்யூல்ல ஏதோ டிஃபெக்ட் போல." பெங்களூரில் அல்சூரிலிருந்து போன் வந்தாலும் ஒயிட்ஃபீல்டிலிருந்து வந்தாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டார்கள். அதற்குப் பதில், ஒலியை உண்டாக்கும் ஆஸிலேட்டரில் சுருதியைச் சரிசெய்ய இருக்கும் குட்டி ட்ரிம்மரை ஸ்க்ரூடிரைவரால் திருகியிருப்பார்கள். அதுவரை ஒழுங்காக இருந்த ஒரே பொருளும் அத்தோடு கெட்டிருக்கும்.

இந்த மாட்யூல் செய்யும் வேலை ரொம்ப எளிது. இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேச 1983-ல் வந்த மிடியில் சுருதி என்பது வெறும் எண், 0 முதல் 127 வரை. தனித்தனி மாட்யூல்களை ஒரு ராக்கில் பொருத்தி கேபிளால் இணைக்கும் யூரோராக் சிந்தசைசரில் அது வோல்டேஜ் (சிவி, அதாவது கன்ட்ரோல் வோல்டேஜ்), ஒரு ஆக்டேவ் ஏற 1 வோல்ட், அதாவது ஒரு செமிடோனுக்கு சுமார் 83.3 மில்லிவோல்ட். எண்ணை வாங்கி வோல்டேஜாகக் கொடுப்பதோடு மாட்யூலின் பொறுப்பு முடிந்தது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அது கொடுக்கும் வோல்டேஜ் சரியா என்பதைத்தான். பிட்ச் அவுட்டில் ஒரு பேட்ச் கேபிளைச் செருகி, மறுமுனையின் நுனியில் சிவப்புக் கம்பியையும் அடித்தண்டில் கறுப்புக் கம்பியையும் வைத்து, கீபோர்டில் ஒவ்வொரு ஸி (C) கட்டையாக அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் சரியாக 1 வோல்ட் ஏற வேண்டும். சாதாரண மீட்டர் 20 வோல்ட் ரேஞ்சில் 10 மில்லிவோல்ட் துல்லியம்தான் காட்டும், அது 12 சென்ட் (நூறு சென்ட் ஒரு செமிடோன்) வித்தியாசம், நுணுக்கமாகச் சுருதி சேர்க்க அது போதாது. ஆனால் பெரிய கோளாறு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கத் தாராளமாகப் போதும்.

அப்புறம் இதே அளவை, ஆஸிலேட்டர்களை எல்லாம் இணைத்த பிறகு இன்னொரு முறை எடுங்கள். இங்கேதான் பல பேருடைய மர்மம் விலகும். தனியாக அளக்கும்போது 4.00 காட்டியது, இரண்டு ஆஸிலேட்டர் செருகியதும் 3.92 ஆகிவிட்டால், மாட்யூல் மேலும் தப்பில்லை, ஆஸிலேட்டர் மேலும் தப்பில்லை, நடுவில் சிக்னலைப் பலவாகப் பிரிக்க நீங்கள் வைத்திருக்கும், பவர் இல்லாத பாஸிவ் மல்டிப்பிள்தான் பிரச்சினை. கணக்கு இதுதான்: சில மாட்யூல்களின் அவுட்டில் 1 கிலோஓம் ரெசிஸ்டர் தொடரில் இருக்கும், ஆஸிலேட்டரின் உள்ளீடு வழக்கமாக 100 கிலோஓம். ஒன்று மட்டும் இணைத்தால் ஒரு சதவீதம் வோல்டேஜ் குறையும், இரண்டு இணைத்தால் ஏறக்குறைய இரண்டு சதவீதம். சதவீதத்தில் குறைவதால்தான் கீழ் ஸ்தாயியில் தெரியாமல் மேலே போகப் போக விலகுகிறது, நான்கு ஆக்டேவ் தாண்டும்போது கிட்டத்தட்ட ஒரு செமிடோனே இறங்கிவிடும். பிட்ச் சிக்னலைப் பிரிக்க, ஒவ்வொரு அவுட்டுக்கும் தனி ஆம்ப்ளிஃபயர் உள்ள பஃபர்டு மல்டிப்பிள்தான் வேண்டும். கேட் (கட்டை அழுத்தியிருப்பதைச் சொல்லும் சிக்னல்), கிளாக் (தாளத் துடிப்பு) போன்றவற்றுக்கு பாஸிவ் போதும், அங்கே காசை வீணாக்க வேண்டாம்.

வோல்டேஜ் சரி, இணைத்த பிறகு இறங்கவும் இல்லை, அப்படியும் அபஸ்வரமா? அனலாக் ஆஸிலேட்டராக இருந்தால் ராக்கை ஆன் செய்து அரைமணி நேரம் விட்டீர்களா என்று பாருங்கள். சூடு ஏறும் வரை அது நகர்ந்துகொண்டேதான் இருக்கும். ட்ரிம்மர் அதற்கெல்லாம் பிறகு.

கீழ்ப்பக்கத்தில் ஐந்தாறு கட்டைகள் ஒரே சுருதியில் ஒலிப்பதாகச் சொல்பவர்களும் உண்டு. அவர்களுடைய மாட்யூல் 0 வோல்ட்டுக்குக் கீழே போகாது, அவ்வளவுதான். எந்த மிடி எண்ணை 0 வோல்ட்டாக வைத்துக்கொள்வது என்பதில் கம்பெனிக்கு கம்பெனி வித்தியாசம் இருக்கிறது. 60-ஆம் எண்ணை யமஹா ஸி3 என்கிறது, ரோலண்ட் ஸி4 என்கிறது, இந்தக் குழப்பம் வேறு. கீபோர்டின் ஆக்டேவ் பட்டனை ஏற்றிவிட்டு, ஆஸிலேட்டரைக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். கோர்க் எம்எஸ்-20 போன்றவற்றை இணைப்பவர்கள் மட்டும் கவனிக்க: அங்கே ஆக்டேவுக்கு 1 வோல்ட் கிடையாது, ஒவ்வொரு ஆக்டேவுக்கும் வோல்டேஜ் இரட்டிக்கும், 1, 2, 4, 8 என்று. கேட் சிக்னலும் தலைகீழாக வேலை செய்யும். மாட்யூலின் மெனுவில் இந்த இரட்டிப்பு முறையான ஹெர்ட்ஸ் பெர் வோல்ட், தலைகீழ் கேட் சிக்னலான எஸ்-ட்ரிக் இரண்டும் இருக்கிறதா என்று வாங்குமுன் பார்த்துவிடுங்கள்.

நம் ஆட்கள் இந்த மாட்யூலைத் தேடிப் போவதற்கு ஒரு முக்கியக் காரணம் கமகம். கீபோர்டில் பிட்ச் வீலை வைத்து தோடியின் காந்தாரத்தை அசைத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது? இங்கே செய்யும் தவறு, பெண்ட் ரேஞ்ச் கீபோர்டில் இருப்பதாக நினைப்பது. கீபோர்டு அனுப்புவது நடுவிலிருந்து வீல் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற எண் மட்டுமே, அது எத்தனை செமிடோன் என்று முடிவெடுப்பது மாட்யூல். பெரும்பாலும் இரண்டு செமிடோன் என்று வைத்திருப்பார்கள். அதைப் பன்னிரண்டாக ஏற்றிவிட்டால் நீண்ட ஜாருவெல்லாம் வசதியாக வரும் என்று தோன்றும், வரும்தான், ஆனால் மிடி விதிப்படி பெண்டுக்கு 16,384 படிகள் இருந்தாலும் மலிவான கீபோர்டுகளில் வீல் உண்மையில் 128 படிகளைத்தான் அனுப்பும். மேலும் கீழுமாக 24 செமிடோனை 128 படியில் ஏறினால் ஒரு படி 19 சென்ட் ஆகிறது. அது கமகம் இல்லை, மாடிப்படி. ரேஞ்சை மூன்று அல்லது நான்கில் வையுங்கள், மிச்சத்துக்கு, வோல்டேஜ் தாவாமல் வழுக்கி நகர வைக்கும் ஒரு ஸ்லூ லிமிட்டரை லேசாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனியாக வளைக்க விடும் எம்பிஇ வகைக் கருவி வைத்திருந்தால் கதை வேறு: அவற்றின் வழக்கமான ரேஞ்ச் 48, ஒவ்வொரு விரலும் தனித்தனி சேனலில் போகும், மாட்யூல் ஒரே ஒரு சேனலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் பாதி ஸ்வரம் வராது.

தம்புராவோடு சேர்த்து வாசிப்பவர்களுக்கு இன்னொன்று. மாட்யூல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது தருவது பன்னிரண்டு சம பாகம், அந்தர காந்தாரம் தம்புராவில் தானாகக் கேட்கும் காந்தாரத்தைவிட 14 சென்ட் கூடுதலாக நிற்கும். அது கோளாறு இல்லை. மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் யார்ன்ஸ் போன்ற சில மாட்யூல்களில் வேறு சுருதி அட்டவணைகள் உண்டு, இந்துஸ்தானி ராகங்களின் பெயரிலேயே கூட.

கேபிள் விஷயம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கேட்டால் 3.5 எம்எம் கேபிள் எதுவும் கிடைக்கும், கடைக்காரர் கையில் கொடுப்பது ஸ்டீரியோ ஆக்ஸ் கேபிளாகத்தான் இருக்கும். பேட்ச் செய்ய வேண்டியது மோனோ. ஆனால் மாட்யூலின் மிடி உள்ளீடே 3.5 எம்எம் துளையாக இருந்தால் அதற்கு மட்டும் ஸ்டீரியோதான் வேண்டும், மோனோ போட்டால் எதுவும் கேட்காது. அதிலும் டைப் ஏ, டைப் பி என்று இரண்டு வயரிங் இருக்கிறது. 2018-ல் ஏ வகையைத்தான் தரமாக அறிவித்தார்கள், அதற்கு முன் வந்த சில கருவிகளில் பி. மாறிப்போனால் பெரும்பாலும் எதுவும் எரியாது, மௌனமாக இருக்கும், நீங்கள் மாட்யூலைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

யூஎஸ்பி துளை இருக்கிறதே என்று கீபோர்டை நேராகச் செருகுபவர்கள், அந்தத் துளை ஹோஸ்ட்டா டிவைஸா என்று பாருங்கள். டிவைஸ் என்றால் அது கம்ப்யூட்டரோடுதான் பேசும், கீபோர்டோடு பேசாது. எக்ஸ்பர்ட் ஸ்லீப்பர்ஸ் எஃப்ஹெச்-2 மாதிரி ஹோஸ்ட் உள்ளவை வேறு. ஹோஸ்ட்டாக இருந்தால் இன்னொரு சிக்கல்: கீபோர்டுக்கான கரண்டையும் உங்கள் ராக்தான் கொடுக்க வேண்டும். யூஎஸ்பி 2.0 கருவி 500 மில்லிஆம்பியர் வரை இழுக்கலாம், கலர் கலராக லைட் எரியும் பேட் கன்ட்ரோலர் என்றால் நிஜமாகவே நிறைய இழுக்கும். சின்ன கேஸின் பவர் சப்ளை திணறி மற்ற மாட்யூல்கள் ரீஸ்டார்ட் ஆவதைப் பார்த்துவிட்டு மாட்யூலைத் திருப்பி அனுப்பாதீர்கள், வெளிநாட்டிலிருந்து கஸ்டம்ஸ் கட்டி வாங்கியது. கன்ட்ரோலருக்குத் தனி அடாப்டரோ பவர் உள்ள ஹப்போ போதும். உள்ளே பவர் கேபிளை மாட்டும்போது சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம், ராக் ஆஃபில் இருக்கும்போது மட்டும். மாற்றிப் போட்டால் அது புகையோடு முடியலாம்.

லேப்டாப்பை யூஎஸ்பியில் இணைத்தவுடன் ஸ்பீக்கரில் ஒரு கீச்சொலி வந்தால் அது கிரவுண்ட் லூப், இரண்டு கருவிகளின் கிரவுண்ட் இணைப்புகள் ஒரு வளையமாகிவிடுவதால் வரும் சத்தம். பழைய ஐந்து பின் மிடியில் உள்ளே ஆப்டோ-ஐசோலேட்டர் இருப்பதால் இரண்டு பக்கமும் மின்சார ரீதியாகத் தொடுவதே இல்லை, யூஎஸ்பியில் அந்த வசதி கிடையாது. ஐந்து பின் வழியாகவே போங்கள், முடியாவிட்டால் யூஎஸ்பி ஐசோலேட்டர். சத்தம் நிற்கிறதே என்று எர்த் பின்னை வெட்டும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பழைய வாடகை வீடுகளில் மூன்று துளை இருந்தும் எர்த் கம்பி வராத சாக்கெட்டுகள் உண்டு, லேப்டாப்பைத் தொட்டால் விரல் சுரீர் என்கிறதா, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கிளாக் கட்டுக்கடங்காமல் ஓடினால் பயப்பட வேண்டாம். மிடி கிளாக் கால் நோட்டுக்கு 24 தடவை துடிக்கும், ஸ்வரங்களை வரிசையாக ஓட்டும் சீக்வென்சருக்குப் பதினாறாம் நோட்டு வேண்டுமென்றால் மாட்யூலில் ஆறால் வகுக்கச் சொல்லுங்கள். சேர்த்துச் சேர்த்து வாசிக்கும்போது ஒலி எழுவதையும் அடங்குவதையும் வடிவமைக்கும் என்வலப் முதல் ஸ்வரத்துக்கு மட்டும் எழுந்து மற்றதற்கு எழவில்லை என்றால் மெனுவில் ரீட்ரிகர் ஆஃபில் இருக்கிறது. கமகத்துக்கு அது ஆஃபில் இருப்பதே நல்லது, நானாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவேன்.