புரோஸ்டேட் ரேடியேஷனும் மலக்குடலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை தரும் ரேடியேஷன் பிரிவில் வேலை பார்க்கிறேன். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பெரியவர்கள் புரோஸ்டேட் புற்றுநோய்க்கு வருகிறார்கள். ஆள்தான் மாறுகிறார், தவறு மாறுவதில்லை. தண்ணீர் குடிப்பது, நேரத்துக்கு வருவதெல்லாம் கையில் கொடுக்கும் தாளிலேயே இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

பீன்ஸ் பன்னி சௌ

மலக்குடலை ஒட்டி, அதற்கு முன்னால்தான் புரோஸ்டேட் இருக்கிறது. குடலில் காற்றோ மலமோ நிறைந்தால் புரோஸ்டேட் இடம் நகர்ந்து, கதிர் குறி தப்பும். பன்னி சௌ, அதாவது உள்ளே குடைந்த ரொட்டியில் பீன்ஸ் கறி நிரப்பியது, முந்தின இரவு ஒரு கட்டுக் கட்டிவிட்டு வந்தால் ஸ்கேனில் காற்று தெரியும். அது போகும் வரை வராந்தாவில் நடக்க வேண்டியதுதான்.

மூலக் களிம்பு

சிகிச்சை நடக்கும்போது அவசரமாக வெளிக்கு வருவதும், சளி போவதும், போய் வந்த பிறகும் போகாத மாதிரி இருப்பதும் சகஜம். முடிந்து சில வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் 6 மாதமோ 2 வருடமோ கழித்து ரத்தம் வந்தால், மூலம் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள்.

ரேடியேஷனைச் சொல்லாமல் விடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். கதிர் பட்ட மலக்குடல் முன்சுவரில் ரத்த ஓட்டம் குறைந்துபோயிருக்கும். மேலே மெல்லிய புதுக் குழாய்கள் படர்ந்திருக்கும், கசிவது அவற்றிலிருந்துதான். அங்கே பயாப்ஸி என்ற சதைச் சோதனைக்கென்று துளி கிள்ளினாலும் புண் ஆறுவது கஷ்டம். சிலருக்குச் சிறுநீர்ப் பாதை வரை ஓட்டையே விழுந்துவிடும்.

ஒரு மாமா, ரத்தம் வந்ததும் வேறு இடத்தில் கொலோனோஸ்கோபிக்கு, அதாவது கேமரா குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனைக்குப் போனார். படிவத்தில் பழைய நோய் என்ற கட்டத்தில் சர்க்கரை, பிரஷர், அவ்வளவுதான். கூடப் போன மகனும் வாய் திறக்கவில்லை. முன்சுவர் சிவந்திருப்பதைப் பார்த்த டாக்டர் சதை எடுத்துவிட்டார். அப்புறம் மாதக்கணக்கில் தலையணை இல்லாமல் அவரால் காரில் உட்கார முடியவில்லை. "அது முடிஞ்சுபோன விஷயம்தானே தம்பி" என்கிறார் என்னிடம்!

அதற்காகக் கொலோனோஸ்கோபியே வேண்டாம் என்று ஓடாதீர்கள். குடலில் வேறு கட்டி இல்லை என்று பார்த்தே ஆக வேண்டும். எந்த வருடம், எந்த இடத்தில், எவ்வளவு டோஸ் என்று எழுதிய தாளை டாக்டர் கையில் கொடுங்கள். சதை எடுக்கத்தான் வேண்டுமா என்று அவர் யோசிப்பார். கசிவு தொல்லை கொடுத்தால் ஆசனவாய் வழியே செலுத்தும் சுக்ரால்ஃபேட் மருந்து எனிமா இருக்கிறது, ஆர்கான் வாயுவால் குழாய்களைக் கருக்கும் முறையும் இருக்கிறது.

கூச்சம்

வேண்டாம். நாங்கள் நாள் முழுக்க இதைத்தான் பேசுகிறோம்.

வார்ஃபரின், ஆஸ்பிரின்

ரத்தம் உறையாமல் தடுக்கும் இந்த மருந்துகள் கசிவைக் கூட்டும். சாப்பிடுகிறீர்கள் என்றால் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.