பதில் வந்த பிறகும் நினைவூட்டல் போகிறதா?

கொட்டேஷன் அனுப்பி 3 நாள் கழித்துப் போகவேண்டிய நினைவூட்டல், பதில் சொன்னவர்களுக்கும் போய்க்கொண்டிருந்தது. வாடிக்கையாளரை மதிக்கிறவர்கள் இதை ஒரு நாளும் விட்டுவைக்கக் கூடாது.

காரணம் நான் செட் செய்த விதம்தான்: சேல்ஸ்ஃபோர்ஸ் (வாடிக்கையாளர் விவரங்களை வைத்துக்கொள்ளும் மென்பொருள்) ஃப்ளோவின், அதாவது வேலையைத் தானாகச் செய்யும் வசதியின், தொடக்க நிபந்தனையில் ‘ஸ்டேஜ்’ (விற்பனை எந்தக் கட்டத்தில் உள்ளது என்பது) மட்டும் இருந்தது. ‘பதில் வந்தது’ என்று ஒரு செக்பாக்ஸ் சேர்த்து, அதில் டிக் இருக்கக் கூடாது என்பதையும் அதே நிபந்தனையில் போட்டேன். இப்போது டிக் போட்டுச் சேமித்ததும், காத்திருக்கும் ஷெட்யூல்ட் பாத் (குறித்த நேரத்தில் ஓடவேண்டிய ஃப்ளோவின் பகுதி, இங்கே நினைவூட்டல்) ரத்தாகிவிடுகிறது.

நிபந்தனைக்குப் பொருந்தும்படி ரெக்கார்டு மாறும்போது மட்டும் ஓடும் தேர்வையே எடுங்கள். இல்லையென்றால் ஷெட்யூல்ட் பாத் சேர்க்க முடியாது. 3 நாள் கணக்கு, அனுப்பிய தேதி ஃபீல்டிலிருந்து ஓடட்டும். தேதியைத் திருத்தினால் நேரமும் மாறிக்கொள்ளும்.

ஆக்டிவேட் செய்யுமுன் இருந்த ரெக்கார்டுகள் தாமாக வரிசையில் சேராது. 3 நாள் ஆகாதவற்றை மட்டும் டேட்டா லோடரில் (பல ரெக்கார்டுகளை மொத்தமாக மாற்றும் கருவி) டிக் செய்து, மறுபடி டிக்கை எடுத்துவிடுங்கள்.