வலைத்தளத்தில் ஒரு கணக்குப் பெட்டி வையுங்கள்

கடைக்கு வலைத்தளம் வைத்திருக்கிறீர்களா? ஓடும் படங்கள், துள்ளும் எழுத்துகள் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு சின்னக் கணக்குப் பெட்டியை, அதாவது எண்ணைப் போட்டால் விடை சொல்லும் கால்குலேட்டரைச் சேருங்கள். தன் விவரத்தைப் போட்டுத் தனக்கான பதிலைப் பார்த்துவிட்டால், வந்தவர் அவ்வளவு சீக்கிரம் கிளம்பமாட்டார்.

பெயின்ட் கடை என்று வைத்துக்கொள்வோம். சுவரின் நீளம், உயரம், எத்தனை கோட்டிங் என மூன்றே கட்டங்கள். 12 அடி, 10 அடி, 2 கோட்டிங் என்றால் 240 சதுர அடி. டப்பாவில் லிட்டருக்கு 120 சதுர அடி என்று போட்டிருந்தால் 2 லிட்டர் வாங்கினால் போதும். இதற்கு ஜாவாஸ்கிரிப்ட் என்ற வலைப்பக்க நிரல்மொழியில் பத்துப் பதினைந்து வரிதான் ஆகும். எண்ணை மாற்ற மாற்ற விடையும் மாறட்டும், தனியாக 'சப்மிட்' பட்டன் வேண்டாம். தட்டியதன் பலன் 200 மில்லி விநாடிக்குள் திரையில் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். இவ்வளவு சின்னக் கணக்குக்கு அது தாராளம்.

போனில் கட்டத்தைத் தொட்டதும் எண் கீபோர்டு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் அந்தக் கட்டத்தின் HTML வரியில் 'இன்புட்மோட்' (inputmode) என்ற பண்பைச் சேர்த்து 'டெசிமல்' (decimal) என்று கொடுங்கள்.

விடைக்குக் கீழே ஒரு வாட்ஸ்அப் பட்டன். அழுத்தியதும் "240 சதுர அடி, 2 லிட்டர், விலை என்ன?" என்ற செய்தி தயாராக நிற்கும்படி லிங்க் அமைக்கலாம். ஆனால் பெயரும் நம்பரும் கொடுத்தால்தான் விடை என்று தயவுசெய்து பூட்டு போடாதீர்கள். கேட்க வந்தவரை வாசலிலேயே நிறுத்துவது சரியில்லை.